வெயில் முற்றத்துக்கு, நட்டுவிட்டு மறக்கக்கூடிய செடி எது?

கேள்வி: 2024 ஜனவரி 28

கொழும்புப் பக்கம் தெஹிவளையில் வீடு. முன்முற்றம் 12 அடிக்கு 9 அடி. காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் நாலு வரை நேர் வெயில், நிழலுக்கு ஒரு மரம் இல்லை. மலேசியன் புல் இரண்டு தரம் பதித்தேன், இரண்டு தரமும் கருகிப் போனது. தண்ணீர் பில்லும் ஏறிவிட்டது. கற்றாழை மாதிரி உடம்பிலேயே தண்ணீர் வைத்திருக்கும் செடி ஏதாவது தரையை மூடிப் படருமா? நட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். செடியோடு மினக்கெட எனக்கு நேரமில்லை.

பதில்: 2024 ஜனவரி 29

பத்துமணிப்பூ. வேறு யோசிக்கவே வேண்டாம்.

நான் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையில் இருக்கிறேன். முற்றம் உங்களுடையதில் பாதி. டிசம்பர் முதல் கிழமையில் நூறு தண்டு ஊன்றினேன். இன்றைக்கு எட்டுக் கிழமை, மண் தெரியவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒரு வாளி தண்ணீர்கூட ஊற்றவில்லை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ரோஸ் என்று கம்பளம் விரித்த மாதிரிக் கிடக்கிறது. மலேசியன் புல் நிழலும் ஈரமும் தேடுகிற சாதி, அதை உச்சி வெயிலில் பதித்தால் கருகத்தான் செய்யும். நடுங்கள், மறந்துவிடுங்கள்.

2024 பெப்ரவரி 4

எங்கே வாங்குவது என்று கேட்டவர்களுக்கு: பத்தரமுல்லைப் பக்கம் வீதியோரச் செடிக்கடைகளில் கிடைக்கும். ஆனால் பத்துமணிப்பூ என்று கேட்டால் முழிப்பார்கள், சிங்களத்தில் ஜப்பான் ரோஸ் என்று கேளுங்கள். அது ஜப்பானும் இல்லை, ரோஸும் இல்லை. சொந்த ஊர் தென் அமெரிக்கா, பிரேசிலின் தெற்கு, உருகுவே, ஆர்ஜென்டினா பக்கம்.

இரண்டு சாதி விற்கிறார்கள். ஊசி மாதிரி உருண்ட இலை ஒன்று, தட்டையான அகன்ற இலை ஒன்று. அடுக்குப் பூ வேண்டுமென்றால் ஊசி இலையைப் பாருங்கள். பத்துச் சாடி வாங்கத் தேவையில்லை. நிறத்துக்கு ஒன்று போதும், மிச்சத்தைக் கிள்ளி ஊன்றலாம். மூன்று நாலு அங்குலத் துண்டு, கீழ் இலைகளை உருவிவிட்டு மண்ணில் செருகினால் ஒரு கிழமையில் வேர் பிடிக்கும். அரையடி இடைவெளி என்றால் உங்கள் முற்றத்துக்கு 430 துண்டு வேண்டும். முக்கால் அடி என்றால் 190 போதும், மூடுவதற்குக் கூடுதலாக ஒரு மாதம் பொறுக்க வேண்டும். நான் பொறுமைசாலி இல்லை, இருந்தும் முக்கால் அடிதான் சொல்வேன். நெருக்கி நட்டால் காற்றோட்டம் போய்விடும்.

இன்று சுதந்திர தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து ஒரு லீவு வீணாகிவிட்டது. அந்த எரிச்சலில்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

2024 பெப்ரவரி 11

ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பூ கண்ணில் படாது. காலை ஏழரைக்கு நான் வெளிக்கிடும்போது மொட்டு. ஒன்பது, பத்துக்கு விரிகிறது. இரண்டு, மூன்று மணிக்குச் சுருங்கத் தொடங்கும். ஆறரைக்கு நான் வந்து படலையைத் திறக்கும்போது கசக்கிப் போட்ட கடதாசித் துண்டுகள்தான். மப்பு நாளில் விரியவே விரியாது. பென்ஷன் எடுத்தவர்களுக்கான பூ என்று பக்கத்து வீட்டு அண்ணை சொல்கிறார். அவர் பென்ஷன் எடுத்தவர், என் முற்றத்தின் முழுப் பலனும் அவருக்குத்தான்.

2024 பெப்ரவரி 25

ஞாயிறு என்பதால் பத்தரைக்குப் பூ பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் ஈர்க்கில் துண்டால் பூவின் நடுவில் தொட்டாள். மகரந்தக் காம்புகள் தொட்ட பக்கமாகச் சாய்கின்றன! நான் நம்பவில்லை, இன்னொரு பூவில் தொட்டுப் பார்த்தேன். அதே. தொட்டாச்சுருங்கி தெரியும், இது தெரியாது. தேனீ வந்து இறங்கும்போது மகரந்தம் அதன் உடம்பில் அப்பிக்கொள்ள இந்த ஏற்பாடு. கொசுத்தேனீ மாதிரிச் சின்னதுகள்தான் நிறைய வருகின்றன.

தண்ணீரில்லாமல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்டிருந்தார்கள். கள்ளி, கற்றாழை எல்லாம் பகலில் இலையின் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். பகல் வெயிலில் ஈரம் போகாது. அப்படிச் செய்கிற செடிகள் மெதுவாகத்தான் வளரும். சோளமும் கரும்பும் வேறொரு வழி: பகலில்தான் மூச்சு, ஆனால் வெயில் ஏற ஏறப் பாய்ந்து வளரும். பத்துமணிப்பூவின் குடும்பத்துக்கு இரண்டும் கைவசம். தண்ணீர் இருந்தால் சோளம், இல்லாவிட்டால் கள்ளி. நாட்டில் எந்த அரசாங்கம் வந்தாலும் பிழைத்துக்கொள்கிற ஆட்களைப் போல.

2024 மார்ச் 17

ஐஸ் பிளான்ட் விதை இணையத்தில் விற்கிறார்கள், வாங்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். படத்தில் ஊதாக் கம்பளம் மாதிரி இருக்குமே, அதுதான். வாங்காதீர்கள். நான் வாங்கினேன். பதினொன்று முளைத்தது, ஒன்பது நூல் மாதிரி மெலிந்து அடியில் அழுகிச் சரிந்தது, மிச்சம் இரண்டும் பிறகு செத்தது. அது தென் ஆபிரிக்க மேட்டு நிலத்துச் செடி. உறைபனியைத் தாங்கும், எங்கள் புழுக்கத்தைத் தாங்காது. கொழும்பில் இரவிலும் 22 பாகைக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை, காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். வெளிநாட்டுக்காரர் "வறண்ட வெயில் தோட்டம்" என்று எழுதுவதில் வெயில் மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது.

நுவரெலியாவில் வீடு இருப்பவர்கள் வேண்டுமானால் முயன்று பாருங்கள், எனக்கும் சொல்லுங்கள்.

2024 ஏப்ரல் 15

வருடப்பிறப்புக்குக் கற்பிட்டி போயிருந்தோம். களப்போரம் சேற்றிலும் மணலிலும் ஒரு படர்செடி. தடித்த பச்சை இலை, சிவந்த தண்டு, ரோஸ் நிறத்தில் நட்சத்திரம் மாதிரிச் சின்னப் பூ. இலையைக் கடித்தால் உப்பு. அதன் பெயர் செசூவியம். கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. ஒரு முழத் துண்டு நாலைந்து எடுத்து ஈரக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தேன். மதிலோரம், கடல் காற்று நேராக அடிக்கிற மூலையில் ஊன்றியிருக்கிறேன்.

அடம்பன் கொடியும் கண்டேன். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று சின்ன வகுப்பில் கட்டுரைக்குக் கட்டுரை எழுதினோமே, அதே கொடி. மனைவி அதையும் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒரு கொடி முப்பதடி ஓடும். எங்கள் முற்றத்தில் திரண்டால் மிடுக்கு காட்டப்போவது எங்களிடம்தான்.

2024 ஜூன் 6

எல்லாம் போச்சு.

வெசாக் முடிந்த கையோடு பிடித்த மழை ஜூன் தொடக்கம்வரை விடவில்லை. முதலில் தண்டு கண்ணாடி மாதிரி ஆனது. தொட்டால் நீர். பிறகு நடுப்பகுதி கறுத்து, வட்டம் வட்டமாகப் படுத்துவிட்டது. இன்று மண்வெட்டியால் வழித்து இரண்டு உரப்பையில் கட்டினேன். நாற்றம் வேறு.

ஜனவரியில் "நடுங்கள், மறந்துவிடுங்கள்" என்று எழுதியவன் நான்தான். அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். எட்டுக் கிழமை அனுபவத்தில் எழுதியது, அதுவும் எந்த எட்டுக் கிழமை? கொழும்பில் ஜனவரி முழுக்கச் சராசரி 60 மில்லிமீற்றர் மழைதான். மே மாதம் ஏறக்குறைய 400, நவம்பர் 400க்கு மேல். வருடம் முழுக்க இரண்டாயிரத்து நானூறு தாண்டும். அதில் மழை குறைந்த இரண்டு மாதத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். இங்கே இந்தச் செடிகள் தாகத்தில் சாவதில்லை, குளித்துத்தான் சாகின்றன.

2024 ஜூன் 7

ஒரு திருத்தம். எல்லாம் போகவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில், உடைந்த சீமெந்தும் ஓட்டுத் துண்டும் குவிந்திருந்த மேட்டில் ஒரு கைப்பிடி உயிரோடு இருக்கிறது. வீடு கட்டினவர்கள் விட்டுப்போன குப்பை. அதை அள்ள வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சோம்பலுக்கும் ஒரு பலன்.

மதிலோரச் செசூவியத்துக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் நின்ற இடத்திலேயே இன்னும் இரண்டு சாண் ஓடியிருக்கிறது. களப்பில் பாதி நாள் நனைந்தே வளர்ந்த சாதிக்கு வெள்ளவத்தை மழை என்ன கணக்கு?

2024 ஜூன் 23

குப்பை மேட்டைப் பார்த்து இப்போது செய்திருப்பது:

பழைய பாத்தியை ஒரு சாண் தோண்டி, அடியில் உடைந்த ஓடு, செங்கல் துண்டு. மேலே பழைய மண் ஒரு பங்கு, ஆற்று மணல் இரண்டு பங்கு, குறுணிக்கல் ஒரு பங்கு. கொம்போஸ்ட் ஒரு கை, அவ்வளவுதான். தும்புத் தூள் வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்துவார், வாங்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துவைக்கிற சாமான். சாடிக்கு நல்லது, இதற்கு எமன். மொத்தத்தில் பாத்தி பக்கத்துத் தரையைவிட அரையடி உயரம், வீதிப் பக்கம் சரிவு. கூரைத் தண்ணீர் சொட்டுகிற கோட்டிலிருந்து இரண்டடி தள்ளி. போன தடவை செத்தது முதலில் அந்தக் கோட்டில்தான், அப்போது நான் கவனிக்கவில்லை.

கடற்கரை மணல் போடலாமா என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. அனுமதியில்லாமல் அள்ளினால் குற்றம். போதாததற்கு உப்பு. செசூவியத்துக்குப் பரவாயில்லை, பத்துமணிக்கு ஆகாது.

படிக்கட்டு மேட்டில் பிழைத்த கைப்பிடியிலிருந்து 60 துண்டு கிடைத்தது. நிறத்தில் ரோஸ் மட்டும்தான் மிஞ்சியது.

2024 ஜூலை 14

மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கிறா. கோண்டாவில் செம்மண்ணில் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி வளர்ந்தவ. பின்னேரம் ஐந்தரை ஆனால் ஹோஸ் பைப்பும் கையுமாக முற்றத்தில். "பயிர் வாடி நிக்குது, தண்ணி காட்டாமல் உங்களுக்கு எப்பிடி மனம் வருது தம்பி?" என்கிறா. மருமகன் என்ன பதில் சொல்வது. வாடவில்லை மாமி, அதின்ர இலையே அப்பிடித்தான் என்றேன். கேட்கவில்லை. பிறகு ஹோஸ் பைப்பைக் கழற்றி மேல்மாடியில் வைத்துவிட்டு, உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். இதை வாசிக்கிற சொந்தக்காரர்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

2024 ஜூலை 21

வாளியில் ஊற்றுகிறா.

2024 ஆகஸ்ட் 18

மாமியைக் கிண்டல் பண்ணியதற்குப் பரிகாரம். நான் களை என்று பிடுங்கிப் போட்டதை எடுத்துப் பார்த்து, "இது சாறணையல்லோ, எறியிறீங்களே" என்றா. தேங்காய்ப்பூ போட்டு வறுத்துத் தந்தா. பக்கத்திலேயே பருப்புக்கீரையும் தானாக முளைத்திருந்தது. அது பத்துமணிப்பூவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம், சின்ன மஞ்சள் பூ, கொழுத்த இலை, புளிப்பு. நான் காசு கொடுத்து வாங்கிய செடி செத்துக்கொண்டிருக்க, காசில்லாமல் வந்தது தரையை மூடிக்கொண்டிருக்கிறது.

கீரை பிடுங்குகிறவர்கள் கவனம். தரையோடு படுத்துக் கிடக்கிற சின்ன இலை எல்லாம் பருப்புக்கீரை இல்லை. அம்மான் பச்சரிசியின் இனத்தில் இதே மாதிரிப் படர்கிறதும் உண்டு. மாமியின் பரிசோதனை: தண்டைக் கிள்ளிப் பார், பால் வந்தால் விடு. பருப்புக்கீரையில் தண்ணீர்தான் வரும். சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் இரண்டு கீரையையும் தவிர்ப்பது நல்லது, ஒக்சலேற் கூட. ஒழுங்கை நாய்கள் எங்கே காலைத் தூக்குகின்றன என்பதையும் பார்த்துப் பிடுங்குங்கள்.

2024 செப்டெம்பர் 1

கொட்டாஞ்சேனை அக்காவின் கேள்விக்கு: மாடி பல்கனி, அரை வெயில் என்றால் பத்துமணிப்பூ வேண்டாம், இலையாகத்தான் நிற்கும், பூக்காது. டர்ட்டில் வைன் தொங்கவிடுங்கள். நாய் வளர்த்தால் அதுவும் வேண்டாம், நாய்க்குத் தோல் அரிக்கும். நாய் இல்லாத வீடு என்றால் கற்பூரவள்ளியும் வைக்கலாம், இருமலுக்கும் ஆகும். சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். நுளம்பு முட்டையிட்டால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்பார். இப்படித் தரையில் படர்கிற செடியில் எனக்குப் பிடித்ததே அதுதான், தண்ணீர் தேங்க இடமில்லை.

2024 செப்டெம்பர் 22

பூனை. குறுணிக்கல்லும் மணலும் கலந்த பாத்தியைப் பார்த்தால் ஒழுங்கைப் பூனைகளுக்கு என்ன தோன்றும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நடுவில் ஈர்க்கில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்திவைத்தேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது. செடி மூடிவிட்டால் வராது என்பது என் நம்பிக்கை.

இன்னொன்று: ஒரு மூலைக்கு யூரியா கொஞ்சம் தூவிப் பார்த்தேன். அந்த மூலை மட்டும் பச்சைப்பசேல் என்று நீண்டு, பூ ஒன்றும் இல்லாமல் சாய்ந்து கிடக்கிறது. பட்டினி போட்ட மூலைதான் பூக்கிறது.

2024 டிசம்பர் 8

இரண்டாவது பரீட்சை முடிந்தது. ஒக்டோபர், நவம்பர் மழையில் உயர்த்திய பாத்தியில் மூன்றில் ஒரு பங்கு போனது. போன தடவையோடு பார்த்தால் பெரிய பாஸ்தான். போனது எல்லாம் நீண்டு வளர்ந்து ஒன்றின் மேல் ஒன்று கிடந்த பழைய தண்டுகள். மழைக்கு முன்னே, செப்டெம்பரில், அரைவாசி உயரத்துக்குக் கத்தரித்திருந்தால் இன்னும் மிஞ்சியிருக்கும். அடுத்த முறை ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பரிலும் கத்தரிக்கோல்.

நத்தை பற்றி எழுத மறந்துவிட்டேன். மழை இரவில் ஆபிரிக்க நத்தை, உள்ளங்கை அகலம். டோர்ச் அடித்துப் பிடித்து உப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். ஓர் இரவில் 23. கையுறை போடுங்கள், அதில் மூளையைத் தாக்குகிற புழு இருக்கலாம்.

ஓகஸ்டிலேயே ஒரு காரியம் செய்திருந்தேன், இப்போது கைகொடுத்தது. எல்லா நிறத்திலும் (ரோஸ் தவிர மற்ற நிறங்களைப் பென்ஷன் அண்ணையிடம் கடன் வாங்கி) இரண்டிரண்டு துண்டு ஒரு தட்டைச் சாடியில் ஊன்றி, மழை படாமல், வெயில் படுகிற ஜன்னல் விளிம்பில் வைத்தேன். வங்கிக் கணக்கு மாதிரி. முற்றம் முழுக்கச் செத்தாலும் அந்தச் சாடியிலிருந்து திரும்ப நிரப்பலாம்.

2025 பெப்ரவரி 16

ஒரு வருடம். இப்போது கேட்டால் என் பதில் வேறு. தாழ்ந்த, ஈரம் நிற்கிற ஓரம் முழுக்கச் செசூவியம். அதை நான் உண்மையிலேயே மறந்துவிட்டேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்கைக்குள் ஓடுவதை வெட்டுவதோடு சரி. உயர்த்திய பாத்தியில் பத்துமணி. அதற்கு வருடத்தில் இரண்டு சனிக்கிழமை கத்தரிக்க, ஒரு சனிக்கிழமை திரும்ப ஊன்ற. நடுவில் தானாக வந்த பருப்புக்கீரையை விட்டுவிட்டேன். படத்தில் வருகிற கம்பளம் இல்லை இது, பல நிறத்துத் துணி வெட்டித் தைத்த போர்வை மாதிரி இருக்கிறது. மனைவிக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

கேள்வி கேட்ட தெஹிவளைக்காரரைக் காணவில்லை. என்ன நட்டீர்கள்?

2025 மார்ச் 2

அவர் பதில் போட்டிருக்கிறார். என் ஜூன் பதிவை வாசித்த அன்றே மனம் வெறுத்து முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்துவிட்டாராம். இப்போது கல் இடுக்குகளில் கொழுத்த இலையோடு ஏதோ சிவந்த தண்டு படர்கிறது, பிடுங்கப் பிடுங்க வருகிறது, எந்தக் களைக்கொல்லி நல்லது என்று கேட்கிறார்.

ஒன்றும் அடிக்காதீர்கள் ஐயா. தண்டைக் கிள்ளிப் பாருங்கள், பால் வருகிறதா?